போச்சு என்று சொல்லாத பத்து நாள்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. அது கடைசியில் இருக்கிறது. ஒருத்தர் முழித்துக்கொண்டு நிற்பார், வாய்க்குள் ஈ புகுந்து வெளியே வந்தாலும் தெரியாத முழி, தான் எத்தனை நாளாக ஏமாந்திருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைக்கும். அதை இப்போதே சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், தட்டைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. அதனால் முதலில் தட்டு.

சாப்பிடுகிற தட்டு இல்லை. முக்கால் முழ அகலத்தில் வட்டமான இரும்புத் தட்டு, வெள்ளை பெயிண்ட், நடுவில் வளையம், வளையத்தில் கயிறு, கயிற்றில் மீட்டருக்கு ஒரு சிவப்பு முடிச்சு. கடல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்க எங்கள் ஆய்வுக் கப்பலில் கண்ணாடிக் கண் வைத்த கருவிகள் எத்தனையோ இருந்தும், தலைமை விஞ்ஞானி ஞானசௌந்தரி டாக்டருக்குத் தட்டு இறங்கினால்தான் திருப்தி. கப்பலின் நிழல் விழுகிற பக்கமாக, காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள், ஒருவர் கயிற்றைக் கையால் விட வேண்டும், கறுப்புக் கண்ணாடி போடாத இன்னொருவர் தளத்தின் ஓரக் கம்பியில் வயிறு அழுந்தக் குனிந்து தட்டையே பார்க்க வேண்டும், தட்டு இறங்க இறங்க வெள்ளை பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலத்தோடு நீலமாகக் கண்ணைவிட்டுப் போகிற அந்தக் கணத்தில் பார்க்கிறவர் "போச்சு!" என்று கத்த வேண்டும், கயிறு விடுகிறவர் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப இழுக்க வேண்டும், மறுபடி தட்டு தெரிந்ததும் "வந்துட்டு!" என்று கத்த வேண்டும், இரண்டு ஆழத்துக்கும் நடு எதுவோ அதுதான் அன்றைக்கு அந்தக் கடலின் தெளிவு. ஆளுக்கு ஆள் கண் மாறும் என்பதால் ஒரு பயணத்துக்கு ஒரே ஆள்தான் பார்ப்பது. பார்த்தவர் தன் வாயால் சொல்ல வேண்டும், தன் கையால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் முப்பத்தொரு வருடமாக எழுதிவருகிற அந்த நோட்டு வரிசையில் வெறும் கட்டமும் கிடையாது, பொய்யும் கிடையாது. இரண்டு வார்த்தையும் சொல்லி முடியாமல் கப்பல் அந்த இடத்தை விட்டு நகராது. நகர வேண்டுமென்றால் நிறுவனத்தின் இயக்குநரே உத்தரவிட வேண்டும்.

இந்தப் பயணத்தில் பார்க்கிற ஆள் நான். பிரிசில்லா மோத்தா, தூத்துக்குடி, பதினெட்டு வயசு, பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு ஏறியவள். கண் பரிசோதனையில் கடைசி வரிக்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரை வாசித்துவிட்டேன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வாயைப் பரிசோதித்திருந்தால் அப்போதே இறக்கிவிட்டிருப்பார்கள். ஏறின மூன்றாம் நாள் கப்பலுக்குள் பேசுகிற ஃபோனில் கேப்டன் குரியகோஸின் குரலில் சமையலறையைக் கூப்பிட்டு, "அய்யாவு, இன்னைக்குப் புட்டும் கடலையும் மதி, கேட்டோ" என்றேன். சமையல்காரர் அய்யாவு நாற்பத்தொரு பேருக்குப் புட்டு அவித்தார். ஆலப்புழைக்காரரான கேப்டன் கண் கலங்கச் சாப்பிட்டுவிட்டு, தான் சொல்லாமலே தன் மனசு தெரிந்த மனிதர் என்று அய்யாவுவுக்குக் கை கொடுத்தார். இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது, இதை வாசித்தால்தான் உண்டு. இயக்குநர் பார்த்திபன் சாரின் குரல் இன்னும் சுலபம். கப்பலைக் கொடியசைத்து அனுப்பும்போது அரை மணி நேரம் பேசினார், ஒவ்வொரு வாக்கியமும் "ஆக்சுவலி" என்று தொடங்கி, தொண்டைக்குள் கரண்டி உரசுகிற மாதிரி ஒரு செருமலில் முடிந்தது. அந்த அரை மணி நேரத்தை நான் சாப்பாட்டு அறையில் அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து வாசலில் நின்றார். எல்லாரும் தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். டாக்டர் எப்போதும் வாயில் ஒதுக்கியிருக்கிற இஞ்சி மொரப்பாவை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி, "மூக்கு இன்னும் கொஞ்சம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் தேடிப் போனது ஒரு சுழலை. சுழல் என்றதும் கப்பலை உறிஞ்சி விழுங்குகிற பள்ளம் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு மேடு. வங்காள விரிகுடாவின் நடுவில் இருநூறு கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதன் நடுவில் கடல் ஒரு சாண் உயரம் கூடுதல், அந்த ஒரு சாணை ஏறக் கப்பலுக்கு ஒரு பகல் பிடித்தது, ஏறும்போது சாம்பார் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது என்று அய்யாவு மட்டும் சத்தியம் செய்தார்.

"சுழல்னா கடலுக்குள்ள தனிக்குடித்தனம் போன கடல்" என்றார் டாக்டர் எனக்கு. "பக்கத்துத் தண்ணியோட கலக்காது. மாசக்கணக்கா தன் தண்ணியைத் தானே வெச்சுக்கிட்டுச் சுத்தும். உள்ளே என்ன உயிர் இருக்கு, வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குது, இந்த ரெண்டைப் பாத்தாலே அது எங்கே பொறந்துது, என்ன தின்னுதுன்னு சொல்லிடலாம்."

இந்தச் சுழல் ஒன்றும் தின்னவில்லை. மற்ற இடங்களில் தண்ணீரை வடிகட்டினால் தாளில் பாசி பச்சையாகப் படியும், இங்கே எத்தனை லிட்டர் வடித்தாலும் தாள் கடையில் வாங்கின தாளாகவே இருந்தது. எண்பது மீட்டருக்குக் கீழே மட்டும் பாசி ஒரு படலமாகக் கிடந்தது. தட்டு எப்படியும் அந்தப் பச்சைக்குப் பின்னால் மறைந்துவிடும், அநேகமாக அதற்கு முன்பே மறையும் என்று கணக்கிட்டு, பிப்ரவரி ஒன்றாம் தேதி பதினொன்றே காலுக்குத் தட்டை இறக்கச் சொன்னார் டாக்டர்.

கயிறு விட்டவர், பாரம் தூக்கி இறக்குகிற வின்ச் எந்திரத்தை ஓட்டுகிற இசக்கிராஜ் அண்ணன். குலசேகரன்பட்டினத்துக்காரர். அவருக்குப் பிப்ரவரி பதினைந்தாம் தேதி காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கல்யாணம். பெண் பெயர் பொன்னுக்கனி. போன வருடமே ஒரு முறை தேதி குறித்து, நாங்கள் ஏறின இதே கப்பல் புயலில் ஒதுங்கி நாலு நாள் தாமதமாகக் கரை சேர்ந்ததில் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். இந்த முறையும் மாப்பிள்ளை வரவில்லையென்றால் அதே பந்தலில் அதே முகூர்த்தத்தில் சவுதியிலிருந்து வந்திருக்கிற அக்காள் மகனுக்குக் கட்டிக் கொடுப்பேன் என்று பொன்னுக்கனியின் அப்பா ஊர் கூட்டிச் சொல்லியிருந்தார். சுழலிலிருந்து கரைக்கு மூன்று நாள். பன்னிரண்டாம் தேதி காலைக்குள் கப்பல் கிளம்பியாக வேண்டும். அது கப்பலில் நாற்பத்தொரு பேருக்கும் தெரியும், ஏனென்றால் அண்ணன் பத்திரிகையை நாற்பத்தொரு பேருக்கும் கொடுத்திருந்தார்.

முப்பது மீட்டர் போனது. ஐம்பது போனது. அறுபதில் கயிறு தீர்ந்தது.

"என்னட்டி, நின்னுக்கிட்டே தூங்குதியா?"

"தெரியுதுண்ணே."

"எது?"

"தட்டு."

கயிறு பிடித்திருந்த கையோடு அண்ணன் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வாயிலிருந்து வருகிற எதையும் நம்பக் கூடாது என்று அதற்குள் கப்பலில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. டாக்டர் மட்டும் சிரிக்காமல் கம்பியில் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார், பிறகு "இன்னொரு கயிறு கட்டு" என்றார்.

இருநூறு மீட்டரிலும் தெரிந்தது. பச்சைப் படலம் தட்டுக்கு மேலே ஜன்னல் கண்ணாடி மாதிரி நின்றது, தட்டு அதற்கு அந்தப் பக்கம் பளிச்சென்று இருந்தது. விசேஷம் அது மட்டுமில்லை. கீழே போகிற பொருள் சிறுத்துக்கொண்டே போக வேண்டும் அல்லவா, இது சிறுக்கவில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தால், அறுபது மீட்டரில் நகத்தளவு, இருநூறில் அதே நகத்தளவு, மறுநாள் மூன்று கயிறுகளை முடிந்து நானூற்று ஐம்பதுக்கு விட்டபோதும் அதே நகம்.

கப்பல் இதை இரண்டு நாளில் பழகிக்கொண்டது. முதல் நாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் பார்த்ததைப் பற்றிப் பேசினார்கள், மூன்றாம் நாளிலிருந்து "தட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்பது டீ குடித்துவிட்டு வருகிறேன் என்பது மாதிரி ஆகிவிட்டது. கேப்டன் நிழல் பக்கம் எச்சில் துப்பக் கூடாது, வாளித் தண்ணீர் கொட்டக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார், தினக்குறிப்பில் காற்று இவ்வளவு, அலை இவ்வளவு, தட்டு தெரிகிறது என்று மூன்றாவது வரியாகச் சேர்த்துக்கொண்டார். அய்யாவு பாத்திரம் தேய்க்கிற பையன்களை இழுத்துவந்து குனியவைத்து, "ஆறு நாளா கடலுக்குள்ள கிடக்கு, எப்படி வெள்ளையா இருக்குன்னு பாருங்கடா, உங்க லட்சணத்தையும் பாருங்க" என்று திட்டினார். எஞ்சின் அறைக்காரர்கள் வெளிச்சம் பார்க்காதவர்கள், அவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் எண்ணெய்க் கையோடு வரிசையில் வந்து ஆளுக்கு ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார்கள், நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார்கள். இரண்டாம் எஞ்சினியர் தன் மனைவியோடு போட்டிருந்த பழைய சண்டையொன்றை அங்கே நின்று யோசித்து, தப்பு தன் மேல்தான் என்ற முடிவுக்கு வந்து, மெயில் அனுப்பினார். மனைவி, கப்பலில் உடம்புக்கு என்ன என்று பதறிப் பதில் போட்டார்.

கயிறுதான் போதவில்லை. இருந்த கயிறெல்லாம் அறுநூற்று நாற்பது மீட்டரில் முடிந்தன. அதன்பிறகு துணி காயப்போடுகிற கொடி, கேப்டன் கொடியேற்றுகிற கயிறு, உயிர்காப்புப் படகின் கயிறுகளில் கேப்டன் அனுமதித்தவை, ஜன்னல் திரைகளின் நாடா, போர்வை, லுங்கி. சமையலறையின் மேஜைவிரிப்பு மூவாயிரம் மீனின் வாசனையோடு எண்ணூறாவது மீட்டரில் இறங்கியது. தட்டுக்குப் பக்கத்தில் சில நாள் விளக்கு மாட்டின மீன்கள் வந்து சுற்றின, சில நாள் கண்ணாடியில் செய்தது போன்ற இறால் கூட்டம் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போனது, உயிரியல் படித்தவர்கள் மேலே நின்றபடியே எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். எஞ்சினை அணைத்து விட்டிருந்ததால் சுழல் எங்களையும் தன்னோடு சேர்த்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, எட்டாம் தேதி வரைபடத்தில் பார்த்தால் கப்பல் ஒரு முழு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தது.

டாக்டர் நிறுவனத்துக்கு எழுதினார். படிவத்தின் கட்டத்தில் எண் மட்டுமே ஏறும், எழுத்து ஏறாது, தயவுசெய்து எண்ணைத் தெரிவிக்கவும் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று போட்டால் ஏறுமே மேடம் என்றேன்.

"அப்படிப் போட்டா கருவி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். "என் கருவி உன் கண்ணு. அது நல்லாத்தானே இருக்கு?"

ஒன்பதாம் தேதி இசக்கிராஜ் அண்ணன் கயிற்றைக் கட்டிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் தாடி எடுக்கவில்லை. பொன்னுக்கனியின் அப்பாவிடமிருந்து கேப்டனின் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது, சவுதிக்காரர் அளவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது என்று.

"ஏட்டி பிரிசி. நீ எத்தனை பேரு குரல்ல எத்தனை பொய் சொல்லியிருக்க?"

"எண்ணினதில்லண்ணே."

"ஒத்தப் பொய். ஒரே ஒரு சொல்லு. போச்சுன்னு சொல்லிரு. நான் முடிச்சப் பிடிச்சிருதேன், நாலு முழம் இழுக்கேன், வந்துட்டுன்னு சொல்லிரு. ஒம்பது நாளா தட்டு தட்டுன்னு கெடக்கமே, ஒருத்தன் வாழ்க்கை கெடக்கு பாத்துக்க."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் தேதி பன்னிரண்டு மணிக்கு டாக்டர் நோட்டோடு வந்து நின்றார், அண்ணன் கயிற்றை விட்டார், நான் வாயைத் திறந்து "போச்சு!" என்று கத்தினேன். நன்றாகத்தான் கத்தினேன். கப்பல் முழுக்கக் கேட்டது, எஞ்சின் அறையில் யாரோ கை தட்டினார்கள்.

டாக்டர் எழுதவில்லை. "இது அய்யாவு குரல்" என்றார். "உன் குரல்ல சொல்லு."

எனக்கே தெரியாமல் அய்யாவுவின் குரல் வந்திருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி கத்தினேன்.

"இது இசக்கி. கல்யாண அவசரம் அவனுக்கு. உன் குரல்ல சொல்லு."

மறுபடி கத்தினேன். அது எங்கள் பாலிடெக்னிக் முதல்வர், அவரை டாக்டருக்குத் தெரியாது, இருந்தாலும் தலையை ஆட்டினார். என் சொந்தக் குரலைத் தேடிப் பிடித்து, நாக்கு வரைக்கும் கொண்டுவந்து, அண்ணனின் தாடியைப் பார்த்து, கடலைப் பார்த்தேன். அங்கே தட்டு இருந்தது. நகத்தளவு, வெள்ளையாக, என்னையே பார்த்துக்கொண்டு.

"தெரியுது மேடம்" என்றேன்.

"தெரியுதில்ல?" என்றார் டாக்டர், அண்ணனைப் பார்க்காமல். பிறகு நோட்டை மூடாமலே கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று இரண்டு மணி ஆவதற்குள் கயிறு ஆயிரத்து நூற்று முப்பத்தாறு மீட்டரில் தீர்ந்தது. கப்பலில் கட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை. அண்ணன் தன் அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, முகூர்த்தத்துக்கு எடுத்த பட்டு வேட்டியை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து, ஒரு முனையில் முடிந்து இறக்கினார். எட்டு முழம். ஒருவேளை அந்த எட்டு முழத்தில் மறையும் என்று நினைத்தார். நாற்பத்தொரு பேரும் கம்பியில் குனிந்து நின்று பார்த்தோம். வேட்டியின் ஜரிகை தண்ணீருக்குள் போகிற வரைக்கும் மின்னியது, தட்டு அதற்குக் கீழே நகத்தளவில் இருந்தது, யாரும் யாரையும் பார்க்காமல் போய்ச் சாப்பிட்டோம்.

பதினொன்றாம் தேதி காலை பத்தரைக்குச் சாப்பாட்டு அறையின் ஃபோன் அடித்தது. எடுத்தேன். கேப்டன்.

"பிரிசில்லா மோளே, நீ வின்ச் ரூமில் போயி இரி. பதினொண்ணு வரை அவிடெ ஆரும் வராது. அவிடெ ஃபோன் ஒண்ணு உண்டு. லேபின்டெ நம்பர் ஏழு. அதைத் தொடாதே, கேட்டோ."

"சரி சார்" என்று போனேன். எதற்குத் தொடக் கூடாது என்று சொல்கிறார் என்று வழி முழுக்க யோசித்தேன், வின்ச் அறைக் கதவைத் திறப்பதற்குள் தொட்டாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஃபோனுக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. ஸ்டூலின் மேல் ஒரு இஞ்சி மொரப்பா இருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன், தொண்டைக்கு இதமாக இருந்தது, உட்கார்ந்தேன், மூக்கைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு ஏழை அழுத்தினேன்.

"ஆக்சுவலி... ஞானசௌந்தரி... ஹ்ரும்."

சாட்டிலைட் ஃபோனில் பேசினால் குரல் போய்ச் சேர இரண்டு நொடி ஆகும். அதற்காக ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு எண்ணினேன். ரிசீவரின் மேல் கர்ச்சீப்பைப் போட்டு நகத்தால் சுரண்டினேன், இரைச்சலுக்கு.

"சொல்லுங்க சார்" என்றார் டாக்டர். அந்தப் பக்கம் மொரப்பா பல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தொண்டை இப்ப எப்படி இருக்கு சார்?"

ஒன்று. இரண்டு. "ஆக்சுவலி, நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிற மாதிரிதான் கேக்குது சார்."

"ஆக்சுவலி, அந்தத் தட்டு விஷயம். போதும். ஹ்ரும். தட்டை எடுத்துக்கிட்டு இன்னைக்கே கிளம்பி வாங்க."

"அளவு கிடைக்கல சார்."

"ஆக்சுவலி பரவாயில்ல."

"உத்தரவா சார்?"

ஒன்று. இரண்டு. மொரப்பாவை விழுங்கிவிட்டேன். "ஆக்சுவலி, உத்தரவு."

"அப்படியே எழுதிக்கிறேன் சார்."

"எழுதிக்கோங்க. ஹ்ரும்."

வைத்துவிட்டு, ஸ்டூலிலிருந்து தரையில் இறங்கி, முட்டியைக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் சிரித்தேன். முப்பத்தொரு வருடம் கடலையே ஏமாறாமல் பார்த்தவர், நோட்டில் ஒரு பொய் ஏறவிடாதவர், ஒரு கர்ச்சீப்பையும் இரண்டு நொடியையும் வைத்து ஏமாற்றப்பட்டுவிட்டார். நான் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் கிளம்பப்போகிறோம் என்று ஒலிபெருக்கியில் கேப்டன் சொல்லிவிட்டார். இசக்கிராஜ் அண்ணன் தளத்தின் நடுவில் நின்றபடி தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார், வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கயிற்றை இழுக்க அந்தப் பகல் முழுவதும் ஆனது. நாற்பத்தொரு பேரும் வரிசையில் நின்று இழுத்தோம், ஏறிவர ஏறிவர அவரவர் பொருளை அவரவர் அவிழ்த்துக்கொண்டார்கள், என் போர்வை, உன் லுங்கி, சமையலறையின் மேஜைவிரிப்பு, அது இப்போது எந்த மீனின் வாசனையும் இல்லாமல் இருந்ததை அய்யாவு கொஞ்சம் வருத்தத்தோடு முகர்ந்து பார்த்தார். பட்டு வேட்டிதான் முதலில் வந்தது. கம்பியில் காயப்போட்டதும் உப்பு ஏறி அப்பளமாக விறைத்துக்கொண்டது. அதையேதான் கட்டுவேன் என்றார் அண்ணன். கடைசியில் தட்டு வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. தளத்தில் வைத்துவிட்டுக் கை நீட்டிக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சாதாரணத் தட்டு, முக்கால் முழம்.

மறுநாள் சுழலின் விளிம்பைத் தாண்டினோம். கடல் ஒரு சாண் இறங்கியது, சாம்பார் நேரானது. அங்கே ஒரு முறை தட்டை இறக்கச் சொன்னார் டாக்டர். பச்சைத் தண்ணீர், எப்போதும் போல. வெள்ளை பச்சையானது, பச்சை மங்கியது, இருபத்திரண்டாவது முடிச்சில் ஒன்றும் இல்லை.

"போச்சு!" என்றேன். யார் கத்தினது என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அந்தக் குரல் புதிதாகத்தான் இருந்தது, கொஞ்சம் கீச்சென்று.

"வாங்க வாங்க" என்றார் டாக்டர் அந்தக் குரலைப் பார்த்து, எழுதிக்கொண்டே.

பதினான்காம் தேதி காலை தூத்துக்குடித் துறைமுகம். அண்ணனை அழைத்துப்போக அவருடைய மாமா ஒரு வேனோடு வந்திருந்தார், வேனில் ஏற்கெனவே வாழையும் மணமகன் பெயரெழுதிய அட்டையும் கட்டியிருந்தார்கள், இசக்கிராஜ் என்றுதான் எழுதியிருந்தது. அண்ணன் விறைத்த வேட்டியைக் கையில் மடிக்க முடியாமல் பலகை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார், பாதி வழியில் நின்று, திரும்பி, கப்பல் பக்கமாகப் பெரிய கும்பிடு போட்டார். எனக்கென்று நினைத்து நானும் கையை உயர்த்தினேன்.

இயக்குநர் பார்த்திபன் சார் வரவேற்க வந்திருந்தார். இதற்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். இப்போது டாக்டர் போய், நீங்கள் ஃபோனில் சொன்ன மாதிரியே வந்துவிட்டோம் சார் என்பார், நான் எப்போது சொன்னேன் என்று இவர் கேட்பார், டாக்டரின் முகம் போகும் பாருங்கள் ஒரு போக்கு. நன்றாகப் பார்க்கத் தோதாகப் படிக்கட்டின் அருகே இடம் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் இறங்கிப் போனார். "வந்துட்டோம் சார்."

பார்த்திபன் சார் வாயைத் திறக்கவில்லை. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கையில் ஒரு சின்னக் கரும்பலகை இருந்தது, அதில் சாக்பீஸால் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார். 'ஆக்சுவலி, வருக.'

"சாருக்குத் தொண்டையில ஆபரேஷன்" என்றார் கூட வந்த டிரைவர், எங்கள் எல்லாருக்குமாக. "கப்பல் கிளம்பின மறுநாளே. நாப்பது நாளைக்கு ஒரு சத்தம் வரக் கூடாதுன்னுட்டாங்க. டாக்டரம்மாவுக்குத்தான் அன்னைக்கே மெயில் போட்டுட்டமே, ஃபோன் பண்ண வேண்டாம்னு."

நான் சிரிப்பதற்காக வாயைத் திறந்து வைத்திருந்தேன். அது அப்படியே இருந்தது.

டாக்டர் திரும்பிப் படியேறி வந்தார். நோட்டைப் பிரித்து என் முன்னால் கம்பியின் மேல் வைத்து, பேனாவைக் கொடுத்தார், பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவருடைய சின்னச் சின்ன எழுத்தில் அந்தப் பக்கத்தின் கடைசி வரிகள் இப்படி இருந்தன: 'தட்டு பத்து நாளும் மறையவில்லை. ஆழம்: ஆயிரத்து நூற்று முப்பத்தாறு மீட்டரும் ஒரு வேட்டியும். பதினொன்றாம் தேதி பகல் பத்து நாற்பதுக்கு ஃபோனில் வந்த இயக்குநர் குரலின் உத்தரவின்பேரில் இடத்தை விட்டோம். குரல்: பி. மோத்தா. மூக்கு சரியாக இருந்தது.'

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மேலே பார்த்தேன். கேப்டன் தூரத்தில், மேல்தளத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று யாருக்கோ கொடியைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் மொரப்பாவை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார், என் கண்ணைப் பார்த்தார், பார்த்தபடியே ஆலப்புழையில் பிறந்து வளர்ந்த குரலில் சொன்னார்:

"கையொப்பிடு மோளே. அவிடெ ஃபோன் ஒண்ணு உண்டு. அதைத் தொடாதே, கேட்டோ."